கதவுக்குப் பின்னால் தொங்கும் சொப்பிங் பேக்: பாதியில் நிற்கும் காரியங்களும் மனச்சுமையும்

லயக் காம்பராவில், அதாவது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, அதில் ஒரு சொப்பிங் பேக். ஹட்டன் பக்கம் போனாலும் பதுளைப் பக்கம் போனாலும் இதைப் பார்க்கலாம். உள்ளே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடகுத் துண்டு, தாத்தாவின் கிளினிக் கொப்பி, பாதி நிரப்பிய விண்ணப்பப் படிவம், சிகரெட் பெட்டி அட்டையில் யாரோ எழுதிக் கொடுத்த போன் நம்பர். அந்த வீட்டில் இன்னும் முடியாத காரியமெல்லாம் அதற்குள் கிடக்கும்.

அப்படி ஒரு பேக்கைப் பாயில் கொட்டி எண்ணினால் எட்டுப் பத்துக் காரியம் தேறும். சான்றிதழில் அப்பா பெயரைத் திருத்த வேண்டும், அடகு தவணை கேட்க வேண்டும், தாத்தாவுக்குக் கண் காட்ட வேண்டும், சங்கத்தில் கொடுத்த கடிதம் என்னவானது என்று விசாரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அடுத்து செய்ய வேண்டியதை மட்டும் எடுத்து நேரத்தைக் கூட்டினால் மொத்தம் இரண்டு நாள் வேலைகூட வராது. ஆனால் அவை வருஷக்கணக்காக அங்கே தொங்குகின்றன. ராத்திரி விளக்கை அணைத்ததும் ஒவ்வொன்றாகத் தலைக்குள் வந்து நிற்கின்றன. காலையில் எழும்பும்போதே அலுப்பு. ‘ஒண்ணுமே செய்யல, ஆனா ஓஞ்சி போயிட்டேன்’ என்று சொல்கிறார்களே, அது சோம்பேறிப் பேச்சில்லை.

வேலை அதிகம், அதனால் அலுப்பு என்று இதை விளக்கிவிட முடியாது. விடியற்காலையில் எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) விட்டு, பிரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்) போய், மாலை 4.30 வரை மலையில் நிற்கும் ஒருவருக்கு உடம்பு நோகும், தூக்கமும் வரும். தூக்கத்தைக் கெடுப்பது வேறு வகை வேலை. அடுத்த அடி எது, எந்த நாளில் என்று முடிவாகாமல் ‘பார்ப்போம்’ என்ற நிலையிலேயே நிற்கும் வேலை.

இதை முதலில் பரிசோதனைக்கு எடுத்தவர் லித்துவேனியாவில் பிறந்த உளவியலாளர் புளூமா செய்கார்னிக். பெர்லினில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரிடம் படித்தவர். களிமண் உருவம் செய்வது, மணி கோப்பது, கணக்குப் போடுவது போன்ற சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, அவற்றில் பாதியை நடுவிலேயே நிறுத்தச் சொன்னார். பிறகு கேட்டபோது, முடித்த வேலைகளைவிட நிறுத்தப்பட்டவைதான் அதிகம் நினைவில் நின்றன என்று 1927இல் எழுதினார். அடுத்த ஆண்டே அதே குழுவைச் சேர்ந்த மரியா ஓவ்சியான்கினா இன்னொன்றைக் காட்டினார்: பாதியில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே, அந்த வேலையைத் தொடரக் கை நீட்டுகிறார்கள். நினைவு பற்றிய முதல் முடிவு பிந்திய ஆய்வுகளில் ஒரே மாதிரி வரவில்லை. சிலவற்றில் வந்தது, பலவற்றில் வரவில்லை. தொடரத் துடிக்கும் அந்த இழுப்பு அதைவிட உறுதியாக நிற்கிறது. நம் பேச்சில் ‘மனசு அந்தரமா இருக்கு’ என்பது ஏறத்தாழ அந்த இழுப்புத்தான்.

நமக்கு அதிகம் பயன்படுவது உளவியலாளர்கள் மசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. முடியாத காரியத்தை மனத்தில் வைத்திருந்தவர்கள் வேறொன்றை வாசிக்கும்போதும் எண்ணம் அங்கேயே போய் நின்றது. அந்தக் காரியத்தை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று குறிப்பாகத் திட்டம் எழுதியவர்களிடம் அந்தக் குறுக்கீடு இல்லாமல் போயிற்று. அவர்களும் காரியத்தை முடித்திருக்கவில்லை. எழுதியது மட்டும்தான். முடித்தால்தான் மனம் விடும் என்பதில்லை, நம்பக்கூடிய ஒரு தவணை கொடுத்தாலே விட்டுவிடும் என்று எடுத்துக்கொள்ளலாம். கடன்காரனும் அப்படித்தானே.

தேயிலை மலை இதை எப்போதிருந்தோ இப்படித்தான் நடத்துகிறது. மாலையில் நிரை (ஒருவர் கொழுந்து எடுக்கும் செடி வரிசை) பாதியில் நிற்கும். எடுக்காத கொழுந்து அப்படியே இருக்கும். அதை நினைத்து யாரும் ராத்திரி விழித்திருப்பதில்லை. எந்த மலை எதுவரை முடிந்தது என்பது வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். நாளைக் காலைப் பிரட்டில் யார் எங்கே என்று சொல்லப்படும். ஏழு நாள், எட்டு நாள் என்று கொழுந்துக்கு ஒரு சுற்றும் உண்டு. சுற்றுத் தவறினால் இலை முற்றிப்போகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மலைக்கு இருக்கும் இந்த ஒழுங்கு ஆணியில் தொங்கும் பேக்குக்கு இல்லை. அதற்கு ஒரு பிரட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

கொட்டி எழுதுவது

தேவையானது 40 பக்கக் கொப்பி ஒன்று, பேனை ஒன்று. போனிலும் எழுதலாம். ஆனால் போன் பிள்ளையின் கையில் இருக்கும், சார்ஜ் இறங்கியிருக்கும், எழுதப் போன இடத்தில் நாலு வொட்ஸ்அப் குரல் செய்தி வந்து நிற்கும். கொப்பிதான் நல்லது.

முதல் தடவை 20 நிமிடம் ஒதுக்குங்கள். பேக்கைக் கொட்டி, மனத்தில் கிடப்பதையும் சேர்த்து, வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். வரிசை பார்க்க வேண்டாம், முக்கியம் எது என்றும் யோசிக்க வேண்டாம். பத்து வரிக்குப் பிறகு கொஞ்சம் நிற்கும். அப்போது எழும்பிவிடக் கூடாது. வெட்கத்தால் ஒதுக்கி வைத்தவை அதற்குப் பிறகுதான் வரும். தங்கச்சியிடம் வாங்கிய காசு, மொய் திருப்பிச் செய்யாத தேவை (வீட்டு விசேஷம்), பாதியில் விட்ட சீட்டு.

மனத்தில் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கக்கூடியது மிகக் குறைவு. ஏழு என்று 1956இல் உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் சொன்னார். நாலு அளவில்தான் என்று 2001இல் நெல்சன் கோவன் குறைத்தார். இருபது காரியத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரிபவர், ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விடுகிறார். விட்டதை ஞாபகப்படுத்த மறுபடி ஓடுகிறார். களைப்பு பெரும்பாலும் இந்த ஓட்டத்தில்தான்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரே கேள்வி: இதற்குக் கையாலும் காலாலும் செய்யவேண்டிய அடுத்த காரியம் என்ன? பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

‘மகன் பேர்ப் பிரச்சினை’ என்று எழுதியிருக்கிறது. தோட்டங்களில் இது சாதாரணம். பிறப்புப் பதிவு சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும், அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அம்மாவின் அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கும். பிள்ளைக்கு 15 வயதாகி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அது முட்டும். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் அட்டை கேட்பார்கள் என்பதால் அதுவரை தூங்கிய காரியம் திடீரென்று பயமாக மாறும். ‘பேர்ப் பிரச்சினை’ என்ற வரியைப் பார்த்து யாராலும் எழும்பி எதையும் செய்ய முடியாது. அது ஒரு கவலையின் தலைப்பு. அதை இப்படி உடைக்க வேண்டும்:

சான்றிதழை வெளியே எடுத்து, மேலே உள்ள பதிவு இலக்கம், பதிவுத் திகதி, பிரிவு மூன்றையும் கொப்பியில் எழுதுவது. வீட்டிலேயே ஐந்து நிமிட வேலை. இந்த மூன்றும் இல்லாமல் கவுன்டருக்குப் போனால் பழைய புத்தகங்களைத் தேட வேண்டி வரும். காசும் கூடும், நாளும் கூடும். அடுத்தது, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் ‘இந்த எழுத்தைத் திருத்த எந்தப் படிவம், என்னென்ன ஆதாரம்’ என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்வது. காது வழியாக வாங்கி வந்தால் பஸ் ஏறுமுன் பாதி மறந்துவிடும். ஆதாரம் தேடுவது அதற்குப் பிறகுதான். கொப்பியில் இப்போது எழுதவேண்டியது முதல் அடி மட்டும். மற்றவற்றை அடுத்த பக்கத்தில் குறித்து வைத்தால் போதும்.

இடத்தை வைத்துப் பிரிப்பது

முக்கியத்துவத்தை வைத்துப் பட்டியலை அடுக்கச் சொல்லும் ஆலோசனைகள் ஏராளம். மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது சரி. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து டவுனுக்குப் போகிறவருக்கு எங்கே செய்ய முடியும் என்பதுதான் முதல் கேள்வி. அரச அலுவலகங்கள் 4.15க்கு மூடும், மலை வேலை 4.30க்கு முடியும். ஆகவே டவுன் காரியம் ஒவ்வொன்றும் ஒரு பேரையோ (ஒரு நாள் சம்பளம்) அரைப்பேரையோ தின்கிறது. ‘இன்றே செய்துவிடு’ என்று இவர்களுக்குச் சொல்வது வீண் பேச்சு.

கொப்பியில் நாலு பக்கம் ஒதுக்குங்கள்: வீடு, போன், தோட்ட ஆபீஸ், டவுன். டவுன் பக்கத்தில் நாலைந்து காரியம் சேர்ந்த பிறகு ஒரே பயணத்தில் முடிப்பது. அந்தப் பயணத்துக்குள்ளும் ஒழுங்கு உண்டு: முதலில் கவுன்டர் வேலை, பிறகு பேங்க் அல்லது அடகுக் கடை, கடைசியில் சாமான். முதலே சாமான் வாங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர் பொறுமையிழந்து பாதியில் திரும்புவார். அன்று அந்த அலுவலகம் பொதுமக்களைப் பார்க்கிறதா, உரிய உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று முதல் நாளே போன் பண்ணிக் கேட்பது ‘போன்’ பக்கத்தில் ஒரு வரி. இந்த ஒரு வரி மிச்சப்படுத்தும் நாட்கள் அதிகம்.

காசு சம்பந்தமான காரியங்களை எந்த நாளில் செய்வது என்பதைச் சம்பளமே சொல்லிவிடும். சம்பளம் வரும் பத்தாம் திகதிக்கு முன் அவற்றைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பதினோராம் திகதிக்கு எழுதிவிட்டு மூடிவிடலாம். எழுதும் விதமும் முக்கியம். ‘அடகைப் பார்க்கணும்’ என்று விடாமல், ‘சம்பளத்துக்கு அடுத்த நாள் டவுனில் பஸ்ஸால் இறங்கியதும், கடைக்குப் போகுமுன், அடகுக் கடைக்குப் போய் வட்டி கட்டித் தவணை கேட்பேன்’ என்று முழுதாக எழுதுவது. இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்ற இந்த அமைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஜெர்மனியின் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். பஸ்ஸால் இறங்குவதே ஞாபகமூட்டும் மணியாகிவிடுகிறது. மன உறுதியைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

நேரத்தை எல்லாரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 1994இல் ரோஜர் பியூலரும் கூட்டாளிகளும் கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள்: 48.6. உண்மையில் எடுத்தது 55.5 நாள். மேசை, புத்தகசாலை எல்லாம் இருந்தவர்களின் கதை இது. மழைக்கு மண் சரிந்து பாதை மூடும் ஊரில், ‘போன தடவை இதே மாதிரி ஒரு காரியத்துக்கு எத்தனை நடை நடந்தோம்’ என்று பார்த்து அதையே இந்தத் தடவைக்கும் எழுதுங்கள். மூன்று நடை என்றால் மூன்று நடை. ஒரே நடையில் முடியும் என்று நினைத்துப் போய்த் திரும்புகிறவருக்குத்தான் மனம் உடைகிறது. மூன்று என்று எழுதியவருக்கு அது முதல் நடை.

யார் பெயரில் நிற்கிறது

வீட்டுக் காரியங்கள் அனைத்துக்கும் ஞாபகக் கொப்பியாக இருப்பவர் பெரும்பாலும் அம்மா. கிளினிக் திகதி அவருக்குத் தெரியும், ஸ்கூல் மீட்டிங் தெரியும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். கொழும்பில் வேலை செய்யும் மகன் போன் எடுத்து, ‘அம்மா, அந்தக் கடுதாசிய யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க’ என்றதும் வைத்துவிடுவான். அவனுக்கு அது முடிந்த காரியம். அம்மாவுக்கு அன்றுதான் தொடங்குகிறது.

அதனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயர் வேண்டும், அதுவும் ஒரே பெயர். ‘நாங்க பாக்கிறோம்’ என்றால் கடைசியில் அம்மாதான் பார்ப்பார். வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது ஞாபகத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தாத்தாவின் கிளினிக் மூத்த மகன் பொறுப்பு என்றால், திகதியைப் பார்ப்பதும் கொப்பியை எடுத்து வைப்பதும் அவன் வேலை. முதல் இரண்டு தடவை அவன் மறந்தே தீருவான். அப்போது அம்மா முந்திக்கொண்டு ஞாபகப்படுத்தினால் பொறுப்பு மறுபடி அம்மாவிடம் வந்துவிடும். மருந்து விஷயத்தில் பிசகு ஆபத்து என்பதால் அதில் பழக வேண்டாம். கரண்ட் பில், ஸ்கூல் காசு போன்றவற்றில் தொடங்குவது நல்லது.

மற்றவர் கையில் நிற்கும் காரியங்களுக்குத் தனிப் பக்கம். மேலே ‘காத்திருக்கு’ என்று எழுதுங்கள். யாரிடம், எந்தத் திகதியில் கொடுத்தோம், மறுபடி எப்போது கேட்போம் என்று மூன்று விவரம். புது வீட்டுக்குக் கொடுத்த விண்ணப்பம் போன்றவை இங்கே வரவேண்டும். அதைத் தினமும் நினைத்து ஒன்றும் ஆகாது. அதற்காக மறந்துவிடவும் முடியாது. பிரதியைப் பத்திரமாக வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்பது என்று திகதி போட்டுவிட்டால், நடுவில் உள்ள நாட்களில் அது மனத்தை விட்டுத் தள்ளி நிற்கும். கடிதம் கொடுக்கும்போது பிரதியில் கையெழுத்தும் திகதி முத்திரையும் வாங்கத் தவறுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. அது இல்லாவிட்டால் அடுத்த தடவை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

‘பார்ப்போம்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு சுவர் தள்ளி அடுத்த வீடு. அங்கே முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது லேசில்லை. அதனால் சீட்டுக்குச் சேரச் சொன்னாலும், தேவைக்குச் சமைக்க வரச் சொன்னாலும், ‘பாப்போம் அக்கா’ என்று சொல்லிவிடுகிறோம். கேட்டவர் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வார். சொன்னவர் அவரைக் காணும்போதெல்லாம் ஒதுங்குவார். இரண்டு வீட்டுக்கும் ஒரு முடிச்சு. ‘இந்த மாசம் ஏலாதுக்கா. தீபாவளி அட்வான்ஸ் வெட்டி முடியட்டும், அப்புறம் நானே வந்து சொல்றேன்’ என்பதில் மரியாதையும் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. சொன்ன பிறகு அந்த வரியையும் கொப்பியில் எழுத வேண்டும். ‘நானே வந்து சொல்றேன்’ என்பதும் ஒரு வாக்குத்தானே.

பாயை விரிக்குமுன்

ராத்திரி வேலை ஐந்து நிமிடம். 2018இல் மைக்கல் ஸ்கலினும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 57 இளம் வயதினரைத் தூக்க ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் படுக்குமுன் ஐந்து நிமிடம் வரும் நாட்களில் செய்யவேண்டியதை எழுதினார்கள். மற்றவர்கள் முடித்ததை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முந்தித் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரமாக. சின்ன ஆய்வு, இளம் வயதினர். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் செலவு ஒன்றுமில்லை. நாளைக்கு உரிய மூன்று வரி போதும். மூன்றுக்கு மேல் எழுதினால் அடுத்த நாள் ராத்திரி அதுவே குற்றப் பத்திரிகையாகிவிடும்.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு துணி துவைத்து முடித்த பிறகு என்று வைத்துக்கொள்ளலாம், கால் மணி நேரம் கொப்பியை முழுதாகப் புரட்ட வேண்டும். இதைத் தவறவிடுவதால்தான் பெரும்பாலான பட்டியல்கள் சாகின்றன. இரண்டு வாரம் புரட்டாவிட்டால் மனம் கொப்பியை நம்பாது. எழுதியதையும் தலைக்குள்ளேயே சுமக்கத் தொடங்கிவிடும். அழகாகத் திரும்பத் திரும்பப் பிரதி எடுப்பதும் இன்னொரு பொறி. எழுதிய களைப்பை வேலை செய்த களைப்பு என்று நினைத்துவிடுவோம்.

கொப்பியால் ஆகாதவையும் உண்டு. சம்பளம் பத்தாமல் ஏறும் கடனுக்குப் பட்டியல் மருந்தில்லை. எவ்வளவு, யாருக்கு, எந்த வட்டி என்று காட்டும், அவ்வளவுதான். அதைக்கூடப் பார்க்கப் பயந்து இருந்தவருக்கு அது சின்ன உதவியில்லை, ஆனால் காசு ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது வேலைக் குவியலைத் தாண்டிய விஷயம். பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் பற்றிக் கேட்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் போன் எடுக்கலாம்.

கடைசியாகக் கவ்வாத்து. உயர்ந்த மலைகளில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியை வெட்டி விடுகிறார்கள். வெட்டிய மலையில் சில மாதம் கொழுந்து எடுப்பதில்லை. ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்பதுமில்லை. கொப்பியிலும் அப்படி வெட்ட வேண்டியவை இருக்கும். கட்டிலுக்கடியில் துருப்பிடித்துக் கிடக்கும் தையல் மிஷினைத் திருத்தித் தைக்கப் பழக வேண்டும் என்பது மூன்று வருஷமாக நிற்கும் வரி. திருத்த ஆகும் காசும் இல்லை, நேரமும் இல்லை. அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு மிஷினைக் கேட்டவருக்குக் கொடுத்துவிடலாம். அல்லது ‘சித்திரை வருஷத்துக்குப் பிறகு’ என்று கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றலாம். இரண்டில் எதைச் செய்தாலும், தைத்துத் தருவதாகச் சொன்ன சட்டைத்துணி பேக்குக்குள் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, உரியவரிடம் அந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.